கொக்கிப் பலகை

காலை எட்டு மணிக்கு டாக்டர் ரிஸ்வானா கால் கழுவுவார். ஆய்வகத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நீல நிற பிளாஸ்டிக் பேசினுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்காருவார். இடது காலை முழங்காலிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைக் கைக்குழந்தையின் காதைத் துடைப்பதுபோல ஒற்றி ஒற்றி எடுப்பார். வலது காலைவிட அந்தக் கால் பருத்தது. அவருடைய செருப்பில் ஒன்று ஏழாம் நம்பர், மற்றது ஒன்பது.

பக்கத்துப் படியில் டீ டம்ளரோடு மீனலோசனி உட்கார்ந்திருப்பாள். பதினோரு வருஷமாக அவர்கள் இருவரின் வேலையும் அந்தப் படியில்தான் தொடங்கியது. அவள் வேதியியல்காரி, மூலக்கூறுகளைக் கட்டுகிறவள். ரிஸ்வானா உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் படித்தவர். இவள் கட்டிக் கொடுப்பதை அவர் கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களின்மேல் ஊற்றிப் பார்ப்பார்.

"இருபத்தி மூணாவது பேட்ச் இன்னிக்கு வந்துருமா?" என்று கேட்டார் ரிஸ்வானா.

"வரும்கா. வேலை செய்யும்னுதான் தோணல."

"பெத்தவளே புள்ளைய இப்படிப் பேசினா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"அஞ்சு புள்ள வரிசையா ஃபெயிலாயிருக்கு. வேற எப்படிப் பேசறது?"

ரிஸ்வானா சிரித்துக்கொண்டே பேசினைக் கவிழ்த்தார். தண்ணீர் கடற்கரை மணலுக்குள் சட்டென்று இறங்கிப் போனது.

இன்னும் இருபத்தாறு நாள். டிசம்பர் இரண்டாம் தேதி உலகத்தின் கடைசி யானைக்கால் புழு சாக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அந்தப் புழு இருந்தது ரிஸ்வானாவின் உடம்பில், ஆராய்ச்சிக்காக.

மற்ற எல்லாப் புழுக்களையும் கொன்றவள் மீனலோசனி. இருபத்தொன்பது வயதில் அவள் கண்டுபிடித்த மாத்திரை அது. ஒரே ஒரு மாத்திரை, வாழ்நாளில் ஒரே முறை. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் தொடங்கி ஆப்பிரிக்கா வரைக்கும் ஆறு வருஷத்தில் நோய் துடைத்தெடுத்ததுபோலப் போய்விட்டது. ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அவள் படம் வந்தது. கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாத பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கைகளை மடக்கும் முடக்கு நோய் அந்த மாத்திரையால்தான் வருகிறது என்று ஒன்பதாவது வருஷம் தெரிந்தது.

முதலில் விரல்கள் மடங்கின. பிறகு மணிக்கட்டு. மாத்திரை சாப்பிட்டவர்களில் இருபதில் ஒருவருக்கு. கடலோரத்துப் பெண்கள் புடவையை விட்டு நைட்டிக்கு மாறினார்கள். ரவிக்கைக் கொக்கியை மாட்ட விரல் வளையவில்லை. அப்படி மாறிய பெண்களைக் கடைத்தெருவில் பார்த்தால் மீனலோசனி சந்து மாறிப் போவாள். அவர்கள் யாரும் அவளைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் நின்று பேசியிருப்பாள்.

*

நவம்பர் பத்தாம் தேதி சுகாதாரத் துறையிலிருந்து குணசீலன் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்த அறைக்குள் போனாலும் முதலில் அங்கே எத்தனை நாற்காலி இருக்கிறது என்று பார்க்கிறவர். கையில் உத்தரவு இருந்தது: இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு முதலில் ஸ்கேன், உயிரோடு இருக்கும் புழுவை வீடியோ எடுக்க வேண்டும், அப்புறம் சாட்சிகள் முன்னிலையில் மாத்திரை.

"கோவிச்சுக்காதீங்க மேடம், நான் கணக்குப் படிச்சவன். புழு இருந்தா நோய். போனா நல்லது. போனதால முடக்கு வந்துச்சுன்னு சொல்றீங்களே, அது எப்படி?" என்றார்.

ரிஸ்வானா நாற்காலியில் சாய்ந்தார். "உங்க தெருவுல கூர்க்கா இருக்காரா?"

"இருக்காரு."

"ஒரு திருடன் உங்க வீட்டு மாடியிலயே பத்து வருஷம் குடியிருக்கணும்னா என்ன செய்வான்? தினமும் கூர்க்காவுக்குப் பாலும் பழமும் குடுத்துத் தூங்க வைப்பான். புழு அதத்தான் செய்யுது. ஒரு சரக்கைச் சுரந்து ரத்தத்துல விடுது. நம்ம எதிர்ப்புச் சக்தி அத வாங்கிக்கிட்டு கண்ண மூடிக்கும். பாட்டன் காலத்துலேந்து இந்தக் கடற்கரை ஜனங்க உடம்பு அப்படியே பழகிப் போச்சு. திடீர்னு திருடன அடிச்சு வெரட்டிட்டோம். கூர்க்கா முழிச்சுக்கிட்டான். திருடன் இல்ல. தடி மட்டும் கையில இருக்கு."

"வீட்டுக்காரனையே அடிக்கிறான்," என்றார் குணசீலன் மெதுவாக.

"மூட்டு மூட்டா அடிக்கிறான்."

தேநீர் கொண்டுவந்த சகாயமேரி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தின் கண்ணாடிச் சாமான் அத்தனையும் கழுவுவது அவள் வேலை. "அந்தப் பாலையும் பழத்தையும் நம்மளே செஞ்சு குடுத்துட்டா புழு வேணாம்ல சார். அதத்தான் லோசனி அம்மா செய்யறாங்க. செய்யறாங்க, செய்யறாங்க, செஞ்சுக்கிட்டே இருக்காங்க."

"மேரி, டீய வச்சுட்டுப் போ," என்றாள் மீனலோசனி.

குணசீலனின் பார்வை சுவரில் தொங்கிய ஒரு பலகையில் நின்றது. ஒட்டுப்பலகையின்மேல் சிவப்புத் துணி, துணியில் ஐந்து ரவிக்கைக் கொக்கிகள்.

அது தவமணி என்ற மீன்காரம்மாவால் வந்தது. வலி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னபோது அந்த அம்மா எரிச்சலோடு, "பத்துக்கு நான் எங்க போவேன்? ஜாக்கெட் கொக்கிய மாட்ட முடியல, அவ்வளவுதான்," என்றது. அன்று சாயங்காலமே சகாயமேரி இந்தப் பலகையைத் தைத்துக் கொண்டுவந்துவிட்டாள். அதன்பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அளவுகோல் அதுதான். ஐந்து கொக்கியையும் மாட்ட எத்தனை விநாடி? ஆண்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டே மாட்டினார்கள். ரிஸ்வானாவுக்கு இருபது விநாடி. அவருடைய தங்கை நஸ்ரீன் மாத்திரை சாப்பிட்ட நாலாவது மாசம் முதல் விரல் மடங்கியது. வருஷம் முடிவதற்குள் ஒரு கொக்கியைக்கூடத் தொட முடியாமல் போனாள். அதே ரத்தம்தான் அக்காவுக்கும். புழு செத்து, அதன் சரக்குக்கு மாற்றும் இல்லையென்றால் ரிஸ்வானாவின் கைகளும் அப்படித்தான் ஆகும். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

"எங்கம்மாவும் நைட்டிதான் போடறாங்க," என்றார் குணசீலன், பலகையைப் பார்த்தபடியே. பிறகு உத்தரவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

*

இருபத்து மூன்றாம் தொகுதியும் தோற்றது.

மீனலோசனி நுண்ணோக்கியில் குனிந்து இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளுடைய மருந்தை ஊற்றிய தட்டில் உயிரணுக்கள் முள்முள்ளாகச் சிலிர்த்து நின்றன. ரிஸ்வானாவின் இந்த மாத ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரை ஊற்றிய தட்டில் அதே உயிரணுக்கள் உருண்டையாக, அமைதியாக, மத்தியானம் உண்டுவிட்டுப் படுத்தவர்களைப்போல் இருந்தன.

"இந்தப் புழுகிட்ட நான் டியூஷன் படிக்கணும்கா," என்றாள். "எவ்வளவு அழகா செய்யுது பாருங்க. கையும் இல்ல, காலும் இல்ல. என்னால இது முடியல."

ரிஸ்வானா ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ தேடினார். "நல்லாயிருக்குன்னு சொல்றியா?"

"நல்லாவா? இப்படி ஒண்ண நான் செஞ்சிருந்தா அன்னிக்கே செத்துப்போகலாம்."

"அதெல்லாம் அவசரப்படாத," என்றார் ரிஸ்வானா. அவர் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. சிரிப்பை அடக்குகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் மறந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு விதி இருந்தது. தொண்ணூற்றொன்பதரை சதவீதச் சுத்தம் இல்லாத எதுவும் அவளுடைய அறைக் கதவைத் தாண்டாது. இருபத்தொன்பது வயதில் அவள் அவசரப்பட்டாள், ஊரே அவசரப்பட்டது. அந்த அவசரத்தின் விலையைக் கடைத்தெருவில் நைட்டிகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இனி ஒரு துளி அழுக்கும் ஆகாது. மூலக்கூறு தயாரானதும் வெள்ளை மணல் அடைத்த உயரமான கண்ணாடிக் குழலில் ஊற்றி வடிப்பாள். வேண்டியது முதலில் இறங்கும், அழுக்கு கடைசிக் குழாய்களில் இறங்கும். கடைசி எட்டுக் குழாய்களைச் சகாயமேரி கழிவு கேனில் கொட்டிவிடுவாள். சுத்தம் குறைந்த தொகுதி என்றால் பாட்டிலின் கழுத்தில் சிவப்புப் பட்டை ஒட்டி ஃப்ரீசரின் அடித்தட்டுக்குப் போய்விடும். பதினேழாம் தொகுதி அப்படித்தான் போனது. அந்தத் தடவை குழல் நடுவில் வெடித்து, நாலு சதவீத அழுக்கு கலந்துவிட்டது. அன்று அவள் அழுதாள். ரிஸ்வானாவிடம் காட்டவே இல்லை. அதற்குப் பிறகு செய்தவை எல்லாம் கண்ணாடிபோல் சுத்தம். ஒன்றும் வேலை செய்யவில்லை.

சில நாள் மத்தியானங்களில் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கெட்ட எண்ணம் இல்லாத கை. அது செய்த காரியத்துக்கு எண்ணம் எப்படிப் பதில் சொல்லும்? ரிஸ்வானாவின் தெளிவு அவளுக்கு என்றைக்கும் வியப்புத்தான். பதினோரு வருஷம் ஒரு புழுவை உடம்பில் வைத்துக்கொண்டு, வீங்கிய காலைத் தினமும் கழுவி, மாதாமாதம் ரத்தம் கொடுத்து, ஒரு நாள்கூட அதைத் தியாகம் என்று சொல்லாத பெண். "வாடகை வாங்காம குடிவச்சிருக்கேன்" என்பார். அவ்வளவுதான்.

இரண்டாம் தேதிக்கு முந்தின நாள் மீனலோசனி அவர்முன் போய் நின்றாள்.

"மாத்திரைய நீங்க மறுத்துருங்கக்கா. நான் அவங்ககிட்ட எழுதிக் குடுக்கறேன், எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும்னு."

"ஒரு வருஷத்துல இன்னும் எத்தன தடவ வடிப்ப?"

"கிண்டல் பண்ணாதீங்க. உங்க கை..."

"என் கைக்கு என்ன?" ரிஸ்வானா அவள் தோளில் கை வைத்தார். "நாளைக்குக் காலையில சீக்கிரம் வா. டீ குடிச்சுட்டுப் போவோம்."

*

ஸ்கேன் கருவி உள்ளங்கை அளவுதான் இருந்தது. குணசீலனோடு வந்திருந்த டெக்னீஷியன் அதை ரிஸ்வானாவின் இடுப்பு மடிப்பில் வைத்தான். திரைக்கு இந்தப் பக்கம் மீனலோசனியும் குணசீலனும் சகாயமேரியும் நின்றார்கள்.

ஒவ்வொரு வருஷமும் மீனலோசனி அதைப் பார்த்திருக்கிறாள். சாம்பல் நிறத் திரையில் ஈர நூல்கண்டு ஒன்று தனக்குள்ளேயே ஓயாமல் நெளியும். உயிருள்ள புழுவின் ஆட்டம். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும் என்று முதல் தடவை நினைத்திருந்தாள். இருக்கவில்லை.

நூல்கண்டு தெரிந்தது. நெளியவில்லை.

டெக்னீஷியன் கருவியை நகர்த்தினான், அழுத்தினான், மறுபடி வைத்தான். "அசையலையே சார்."

"அசையாது தம்பி," என்றார் ரிஸ்வானா படுத்தபடியே. "அது ஜூன் மாசமே போயிருச்சு."

குணசீலன் உட்கார நாற்காலி தேடினார். "என்ன மேடம் சொல்றீங்க?"

"மாத்திரையப் போட்டுக்கிட்டேன். ஜூன் இருபத்தொண்ணு. சாயங்கால டீயோட."

"உலகத்தோட கடைசிப் புழு மேடம்! சாட்சி வேணும், வீடியோ வேணும்! நான் மேல என்ன எழுதறது?"

"செத்துப்போச்சுன்னு எழுதுங்க சார்," என்றாள் சகாயமேரி. "அதுக்குத்தானே வந்தீங்க?"

மீனலோசனியின் காதில் எதுவும் ஏறவில்லை. ஜூன் என்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஐந்து மாத ரத்தம். ஐந்து தட்டு. எல்லாத் தட்டிலும் உயிரணுக்கள் உண்ட மயக்கத்தில் படுத்திருந்தன.

"அப்ப ஜூலை ரத்தத்துல இருந்தது என்ன?" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

ரிஸ்வானா எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "நீ டியூஷன் படிக்கணும்னு சொன்னியே, அதுதான். உன் மருந்து. வாரத்துக்கு ஒரு ஊசி, வயித்துத் தோல்ல."

"எந்த பேட்ச்?"

"பதினேழு."

"அது அழுக்கு!"

"ஆமா. நாலு பங்கு அழுக்கு. நீ அழுத அன்னிக்கு ராத்திரியே உன் நோட்டுப் புத்தகத்தப் பார்த்தேன். அந்த அழுக்கு வேற எதுவும் இல்ல, அதே மூலக்கூறுதான், கண்ணாடியில பார்த்த மாதிரி எடது வலது மாறினது. இங்க பாரு." அவர் காலால் தன் செருப்புகளைத் தள்ளினார். ஏழாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் தரையில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. "இத்தன நாளா நீ ஒத்தச் செருப்பையே பளபளன்னு தொடச்சுத் தொடச்சு குடுத்துக்கிட்டு இருந்த. அந்தப் புழுவுக்கு யாரு குழல் ஓட்டிக் குடுத்தா? அது ரெண்டையும் சேத்துத்தான் சுரந்திருக்கணும்னு தோணுச்சு. ஏப்ரல்ல தட்டுல ஊத்திப் பார்த்தேன். தூங்குச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! ஏப்ரல்லேந்து நான் தப்பு தப்பா செஞ்சுக்கிட்டு இருந்தேன், நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க. தவமணி மாதிரி எத்தன பேரு கை இன்னும் மோசமாச்சு இந்த எட்டு மாசத்துல?"

ரிஸ்வானாவின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"அது எம்மேல இருக்கற குத்தம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா தட்டுல வேலை செஞ்சதுன்னு சொன்னா நீ நம்பியிருப்பியா? உன் மாத்திரையும் தட்டுல வேலை செஞ்சதுதானே? ஒடம்புல பார்க்கணும். யாரு ஒடம்புல? நஸ்ரீனுக்கு நாலாவது மாசம் மொத விரல் மடங்கிச்சு. எனக்கு அஞ்சு மாசம் முடியட்டும்னு இருந்தேன். நேத்தோட அஞ்சும் முடிஞ்சு பத்து நாளு."

"உங்க கை மடங்கிப் போயிருந்தா?"

"பதினேழும் ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கும். அது நானா தேடிக்கிட்டதா இருந்திருக்கும். இன்னொரு கைய நீ உன் கணக்குல சேக்க வேணாம்னுதான் சொல்லல."

மீனலோசனிக்குக் கோபம் வந்தது. அதோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. இரண்டையும் பிரிக்க அவளிடம் எந்தக் குழலும் இல்லை. சுத்தம் என்று அவள் காத்து வந்தது பாதிக்குமேல் பயம் என்பதை ரிஸ்வானா எப்போதோ பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அதைச் சொல்லிக் காட்டாமல், தன் இரண்டு கைகளையும் எடுத்து அந்தப் பயத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.

ரிஸ்வானா நடந்துபோய்ச் சுவரிலிருந்து பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மேரி, மணி பாரு."

ஒன்று. இரண்டு. மூன்றாவது கொக்கி கொஞ்சம் முரண்டு பிடித்தது, நகத்தால் நெம்பினார். நாலு. ஐந்து.

"பத்தொம்போது," என்றாள் சகாயமேரி. "போன மாசத்தவிட ஒண்ணு கம்மி."

குணசீலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "விதிப்படி இது தப்பு மேடம். நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. ஒரே ஒரு பொம்பள ஒடம்பு, அது போதாதுன்னும் எழுதுங்க. நூறு பேருக்கு, டாக்டருங்க முன்னால, எல்லாரும் தெரிஞ்சு சம்மதிச்சு, முறையா குடுத்துப் பார்க்கணும். அதுக்கு அனுமதி கேட்டும் அதே காகிதத்துல எழுதுங்க."

அவர் தலையாட்டினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "அந்த நூறு பேர்ல நைட்டி போட்டவங்களுக்கு எடம் உண்டா மேடம்?"

"அவங்களுக்குத்தான் சார்," என்றாள் மீனலோசனி. அன்று அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவர்கள் போனபின் ரிஸ்வானா மெதுவாகச் சொன்னார்: "லோசனி, பாட்டில்ல இன்னும் மூணு ஊசிக்குத்தான் இருக்கு."

"மூணு வாரம்."

"கொட்டிக் கிட்டி ஒடச்சுறாம இருந்தா."

*

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தாழ்வாரத்தில் பேசின் இருந்தது. முக்காலி இருந்தது. புழு போனாலும் வீங்கிய கால் வீங்கியதுதான். ரிஸ்வானா வழக்கம்போல விரலிடுக்குகளை ஒற்றிக்கொண்டிருந்தார். படியில் டீ டம்ளர் மட்டும் இருந்தது, ஆறிப்போய். மீனலோசனி விடிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் மூலக்கூறைக் கட்டினாள். எட்டாம் நாள் பிற்பகல் இருபத்து நாலாம் தொகுதி வெள்ளை மணலில் துளித் துளியாக இறங்கியது. குழாய்கள் வரிசையாக நிரம்பின. கை பழக்கத்தில் தானாகவே முதல் குழாய்களை ஒரு பக்கமாகவும் கடைசிக் குழாய்களை இன்னொரு பக்கமாகவும் பிரித்து வைத்தது.

ஐந்து மணிக்குச் சகாயமேரி கழிவு கேனோடு வந்தாள். வீட்டுக்குப் போகும் அவசரம். கையுறை போட்டுக்கொண்டு கடைசி எட்டுக் குழாய்கள் இருந்த தட்டைத் தூக்கினாள்.

"இத வழக்கம்போலக் கொட்டிரட்டாம்மா?"

மீனலோசனி அந்தத் தட்டைப் பார்த்தாள். எட்டுக் குழாயிலும் நிறமில்லாத, மணமில்லாத, பதினோரு வருஷமாக அவள் கண்ணெடுத்துப் பார்க்காத திரவம்.

"வேணாம் மேரி. இங்க குடு."

எட்டில் முதல் குழாயை எடுத்து, சுத்தமான மருந்து இருந்த பாட்டிலுக்குள் மெல்லச் சாய்த்தாள்.